அனலாக் சிந்த் (சிந்தசைசர்) ஆசிலேட்டர், அதாவது சவுண்டைக் கிளப்பற சர்க்யூட், சுருதியிலயும் நிக்கணும், சவுண்டும் உயிரோட இருக்கணும்னா எப்படி டிசைன் பண்றது?

ரெண்டு வருஷமா இதுலயே மண்டைய உடைச்சுக்கிட்டவன்ங்கற முறையில சொல்றேன். சுருதி ஓடறது வேற, உயிரோட இருக்கறது வேற. பழைய மினிமூக் சிந்த் லேசா ட்ரிஃப்ட் ஆகும் (சுருதி மெல்ல நகரும்), அதான் அழகேன்னு சொல்லிட்டு நிறைய பேர் டெம்பரேச்சர் காம்பென்சேஷனையே (சூடு மாறினாலும் சுருதி மாறாம சரிக்கட்டறது) விட்டுடறாங்க, நானும் விட்டேன், கீழ சரியா இருக்கும், மேல் ஸ்தாயிக்குப் போனா அபஸ்வரம்.

காரணம் எக்ஸ்பொனென்ஷியல் கன்வர்ட்டர்தான், அதாவது கீபோர்டு குடுக்கற வோல்ட்டேஜை ஆசிலேட்டரை ஓட்டற கரண்டா மாத்தற பகுதி. ட்ரான்சிஸ்டர் பேஸ்ல சுமார் 18 மில்லிவோல்ட் ஏத்தினா கரண்ட் ரெண்டு மடங்கு, அதாவது சுருதி ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) ஏறும். அந்த 18 சூட்டைப் பொறுத்து மாறும், ஒரு டிகிரிக்கு 0.33 சதவீதம். டியூன் பண்ண இடத்துலேர்ந்து ஒரு ஆக்டேவ் தள்ளி 4 சென்ட் (ஆக்டேவுக்கு 1200 சென்ட்) தப்பும், நாலு ஆக்டேவ் தள்ளி 16 சென்ட். இது வெறும் ஒரு டிகிரிக்கு, காலைல டியூன் பண்ணிட்டு மத்தியானம் வாசிச்சா என்ன ஆகும்னு பாத்துக்கோங்க.

இதுக்கு +3300 பிபிஎம் டெம்ப்கோ ரெசிஸ்டரை (டிகிரிக்கு 0.33 சதவீதம் ஏறறது, அந்த மாற்றத்தை ஈடுகட்டும்) கன்வர்ட்டர்ல இருக்கற மேட்ச் பண்ண ட்ரான்சிஸ்டர் ஜோடி மேலயே ஒட்ட வச்சு தெர்மல் பேஸ்ட் தடவணும், பக்கத்துல வச்சா போதாது. இல்லன்னா சிஏ3046 சிப் வாங்குங்க, உள்ள 5 ட்ரான்சிஸ்டர், அதுல ரெண்டை கன்வர்ட்டருக்கு வச்சுக்கலாம், ஒண்ணு சிப்பை எப்பவும் ஒரே சூட்டுல வச்சுக்கற ஹீட்டர், ஒண்ணு சூட்டை அளக்க. நான் முதல்ல 45 டிகிரில செட் பண்ணேன், மே மாசம் பெட்டிக்குள்ளயே 40க்கு மேல போயிடுச்சு, ஹீட்டருக்கு பெருசா வேலையே இல்ல! அப்புறம் 60 ஆக்கினேன். முதல் சிந்த்னா பேசாம ஏஎஸ்3340 போடுங்க, ப்ராஃபெட்-5ங்கற சிந்த்தோட மூணாவது ரிவிஷன்ல இருந்த சிஇஎம்3340 சிப்போட க்ளோன், காம்பென்சேஷன் உள்ளயே இருக்கு. ஆசிலேட்டரோட வேகத்தை நிர்ணயிக்கற டைமிங் கப்பாசிட்டர் பாலிஸ்டைரீன் வகை போடுங்க, இல்லன்னா சி0ஜி வகை செராமிக், சூட்டுக்கு மாறற எக்ஸ்7ஆர் வகை வேண்டவே வேண்டாம்.

இப்போ உயிர். தம்புராவுல நடு ரெண்டு தந்தி, சாரணியும் அனுசாரணியும், ஒரே ஷட்ஜம்தான், ஆனா ரெண்டும் அச்சு அசலா ஒண்ணா நிக்காது, அந்த மயிரிழை வித்தியாசத்துலதான் நாதம் அலையுது. சிந்த்லயும் ஒரு ஆசிலேட்டர் 220 ஹெர்ட்ஸ், இன்னொண்ணு 220.5ன்னா ரெண்டு செகண்டுக்கு ஒரு அலை கேக்கணும். என் போர்டுல கேக்கலை, பக்கத்துல கொண்டு வந்தாலே ரெண்டும் டக்குன்னு ஒட்டிக்கும், சவுண்டு செத்துப் போயிடும். பாத்தா ஒரு ஆசிலேட்டரோட சா வேவ் (ரம்பப் பல் மாதிரி ஏறி டக்குன்னு விழற அலை) ரீசெட் ஆகறப்போ பவர் சப்ளைல ஒரு ஸ்பைக், அது அடுத்ததையும் சேத்து இழுத்து ரீசெட் பண்ணுது. ஒவ்வொரு ஆசிலேட்டர் சப்ளைலயும் 10 ஓம் ரெசிஸ்டர், 10 மைக்ரோஃபாரட், 100 நானோஃபாரட் கப்பாசிட்டர் போட்டு, கிரவுண்டையும் தனித்தனி வயரா ஒரே புள்ளிக்குக் கொண்டு வந்த அப்புறம்தான் அலை வந்துச்சு. உயிர் வேணும்னு தேடினேன், கடைசில அது சப்ளை சுத்தத்துல இருந்துச்சு, என்னத்த சொல்ல.

இன்னும் வேணும்னா ரிவர்ஸ் பயாஸ்ல ஒரு ட்ரான்சிஸ்டர் போட்டு நாய்ஸ் எடுத்து, ரொம்ப மெதுவா அசையற அளவுக்கு ஃபில்டர் பண்ணி, பிட்ச் சிவியோட (சுருதியை நிர்ணயிக்கற கன்ட்ரோல் வோல்ட்டேஜ்) ரெண்டு மில்லிவோல்ட் கலந்து விடுங்க. ஆக்டேவுக்கு 1 வோல்ட்ங்கறதால ஒரு சென்ட் 0.83 மில்லிவோல்ட், அப்போ கிட்டத்தட்ட ரெண்டரை சென்ட் ஆடும், போதும். ஆனா ஒவ்வொரு ஆசிலேட்டருக்கும் தனித்தனி நாய்ஸ் வேணும், நான் சோம்பேறித்தனமா ஒண்ணையே மூணுக்கும் குடுத்தேன், மூணும் சேர்ந்தே ஏறி சேர்ந்தே இறங்குச்சு, தேஞ்ச கேசட் மாதிரி.