மஞ்சள் பூத்த காளானும் பில் இல்லாத வியாபாரமும்

கேள்வி: கோத்தகிரி சாலையோரத்தில் கால் கிலோ காட்டுக் காளான் வாங்கினேன். மறுநாள் மேலே மஞ்சள் தூள் படிந்திருந்தது. கழுவிச் சமைக்கலாமா?

பதில்: கூடாது. காளானையே தின்னும் பூஞ்சை அது. முதலில் வெண்பூச்சு, பிறகு மஞ்சள் தூள். தூள் படியாவிட்டாலும் பெயர் தெரியாத காளானை ஏன் அம்மா வாங்குகிறீர்கள்?

கேள்வி: இணையத்தில் 50 கிராம் உலர்ந்த ‘லாப்ஸ்டர் காளான்’ 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். ஆரஞ்சுச் சிவப்பாக இருக்கிறது. சாயமா? (ஊட்டி வாசகர்)

பதில்: அசலுக்கும் அதே நிறம்தான். வட அமெரிக்கக் காடுகளில் ரஸ்ஸுலா, லாக்டேரியஸ் காளான்களை ஹைப்போமைசிஸ் என்ற ஒட்டுண்ணிப் பூஞ்சை போர்த்திக்கொள்ளும். குடைக்கு அடியிலுள்ள மடிப்புகள்கூட மறைந்துவிடும். துண்டைப் பிட்டுப் பாருங்கள்: சிவப்பு தோலோடு நிற்கும், உள்ளே வெண்மை. தண்ணீரில் நிறம் இறங்குவதை வைத்து முடிவுகட்டாதீர்கள். கம்பளிக்குச் சாயமேற்றவே இதை வாங்குகிறவர்கள் உண்டு. பாக்கெட்டில் இறக்குமதியாளர் முகவரி, விளைந்த நாடு, 14 இலக்க உணவு உரிம எண் இருக்கின்றனவா? இல்லையென்றால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

கேள்வி: கடன் வாங்கி மொட்டுக் காளான் வளர்க்கிறேன். ‘நோய் நீக்கியது’ என்று விற்ற கேசிங் மண்ணை (காளான் படுக்கையின் மேல் பரப்பும் மண்) போட்டதும் காளான்கள் உருவமற்ற கட்டிகளாகிப் பழுப்புநீர் கசிகின்றன. வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லையாம், கடைக்காரர் கைவிரிக்கிறார். (கேத்தி வாசகர்)

பதில்: உங்கள் கடிதம் என்னைத் தூங்கவிடவில்லை. அறிகுறிகள் ஈரக்குமிழ் நோயைக் காட்டுகின்றன. மேலே சொன்ன ஹைப்போமைசிஸ் பூஞ்சையின் பங்காளிதான் இதற்கும் காரணம். கடைக்காரர் சொல்வது பாதிச் சட்டம். சுயதொழிலாக, பிழைப்புக்கு மட்டுமே வாங்கியவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது.

‘நோய் மண்ணில் இல்லை, ஈயாலும் கைகளாலும் பரவியிருக்கும்’ என்பார் கடைக்காரர். அப்படியும் பரவும் என்பதால், மண்ணிலேயே நோய் இருந்ததைக் காட்ட, பிரிக்காத மண் மூட்டை ஒன்றைத் தொடாமல் வையுங்கள். உங்கள் வழக்கின் உயிர் அதில்தான். பில்? இருக்காது, தெரியும். கொடைக்கானலில் 600 ரூபாய்க்கு உலர்காளான் வாங்கினேன். வீட்டில் பிரித்தால் பாதி புழு. திரும்பிப் போனபோது, “எங்கள் கடைச் சரக்கே இல்லை” என்றார்கள். என் கையில் சீட்டு இல்லை. மலையில் வாய்ப்பேச்சிலேயே வியாபாரம் நடக்கிறது. நட்டம் வந்தால் அந்த வாய் பூட்டிக்கொள்கிறது. பில் கேட்பது அவமரியாதை அல்ல, கேளுங்கள்! உங்களிடம் கைப்பேசியில் பணம் அனுப்பிய பதிவாவது இருக்கும். அதைப் படமெடுத்து வையுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். தீராவிட்டால் ஊட்டியிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமில்லை, 2 ஆண்டு அவகாசம் உண்டு. மனு எழுதத் தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள்.