வண்டி வந்தாச்சு, டிரைவர் எங்கே?

போன இதழில் தீயணைப்பு நிலையத்தில் ஆள் பற்றாக்குறை ஏன் என்ற கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுதித் தப்பித்துவிட்டேன். விடவில்லை நீங்கள். போலீஸ், தீயணைப்பு, டெண்டர், கேமரா என்று கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பல வருஷம் ஒரு அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதித் தேய்ந்தவன் என்கிற ஒரே தகுதியில் இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்குகிறேன்.

எங்கள் ஊர் தீயணைப்பு நிலையத்துக்குப் புது வண்டி வந்தது. மாலை போட்டு, தேங்காய் உடைத்து, போட்டோ எடுத்தார்கள். ஆனால் நிலையத்தில் அதே பழைய ஆட்கள்தான், அதிலும் ஒருவர் ரிட்டயர் ஆகிவிட்டார். வண்டி வாங்கப் பணம் இருக்கிறது, ஆள் போடப் பணம் இல்லையா?
(ஊர்ப் பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் வாசகர், கடலூர் மாவட்டம்)

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அது வேறு பணம். அரசாங்கக் கோப்பில் செலவு என்பது இரண்டு ஜாதி: தொடரா செலவினம், தொடர் செலவினம். வண்டி தொடரா செலவினம், ஒரு தடவை காசு கொடுத்தால் முடிந்தது. ஆள் தொடர் செலவினம். ஒரு பணியிடம் உருவாக்கினால் இந்த மாதச் சம்பளம் மட்டுமா, அகவிலைப்படி, ஊதிய உயர்வு, மருத்துவக் காப்பீடு, அதற்கு மேல் ஓய்வுக்காலச் செலவு என்று முப்பது வருஷத்துக்கும் மேலாக ஒரு கடமை வந்து உட்கார்ந்துகொள்ளும். நிதித்துறையில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த இரண்டாவது வார்த்தையைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். அவரைத் திட்டவும் முடியாது, அவர் வேலையே அதுதான்.

இன்னொன்று, வாங்குவதற்கான பணம் வேறு வாசல் வழியாகவும் வரும். ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் பணத்தைப் பிரிக்கப் பரிந்துரைக்கும் 15-வது நிதிக்குழு சொன்னபடி தீயணைப்புச் சேவைகளை விரிவாக்கவும் நவீனமாக்கவும் நாடு முழுக்க 5,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 2023-ல் ஒன்றிய உள்துறை ஒரு திட்டம் அறிவித்தது. பெரும்பாலான மாநிலங்கள் தங்கள் பங்காக 25 சதவீதம் போட வேண்டும். கட்டடம், கருவி, பயிற்சி மையம் என்று அதில் கேட்கலாம். நாளைக்கு அந்த வண்டியை ஓட்டப்போகிறவரின் சம்பளம் மாநில அரசின் தலையில்தான். ஆக வண்டிக்கான கோப்பு ஒரு பாதையில் ஓடுகிறது, ஆளுக்கான கோப்பு வேறு பாதையில் தவழ்கிறது, இரண்டும் ஒரே மேஜைக்கு ஒரே நாளில் வந்து சேர வேண்டும் என்று எங்கேயும் விதி இல்லை.

ஆளுக்கான கோப்பு எப்படித் தவழும் என்றால், நிலைய அலுவலர் மாவட்ட அலுவலருக்கு எழுதுவார், அங்கிருந்து மண்டலத் துணை இயக்குநர், அப்புறம் சென்னை தலைமை அலுவலகம், அங்கே ‘கருத்துரு’, அதாவது முன்மொழிவு, என்ற பெயர் சூட்டிக்கொண்டு தலைமைச் செயலகத்தில் உள்துறைக்குப் போகும். உள்துறை நிதித்துறையின் கருத்தைக் கேட்கும். நிதித்துறை மறுக்கவே மறுக்காது, ‘கீழ்க்கண்ட விவரங்களை அனுப்பவும்’ என்று நாலு விளக்கம் கேட்கும், அவ்வளவுதான். அந்த நாலு விளக்கமும் மறுபடி நிலைய அலுவலர் வரைக்கும் இறங்கி, பதிலோடு மேலே ஏற வேண்டும். அதற்குள் கேட்டவர் மாறுதலில் போயிருப்பார்.

ஒரு நிலையத்துக்கு இத்தனை பேர் என்று யார், எந்தக் கணக்கில் முடிவு செய்கிறார்கள்?
(ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், தஞ்சாவூர்)

சார், உங்களுக்குப் பிடித்த கேள்வியாகவே கேட்டுவிட்டீர்கள். நிலையம் திறக்கும்போது போடும் அரசாணையிலேயே எத்தனை பணியிடங்கள் என்று இருக்கும், அதற்குப் பெயர் ஒப்பளிக்கப்பட்ட பணியிடம். ஊர் நாலு மடங்கு வளர்ந்தாலும் யாராவது புதிதாகக் கருத்துரு அனுப்பி ஒப்புதல் வாங்காதவரை அந்த எண் அப்படியேதான் இருக்கும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். இருபத்து நாலு மணி நேரமும் ஆள் இருக்க வேண்டிய ஓர் இடம், எட்டு மணி நேரம் வீதம் மூன்று ஷிப்ட், அப்படியானால் மூன்று பேர் போதும் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் வருஷத்தில் 52 வார ஓய்வு, 12 நாள் தற்செயல் விடுப்பு, 30 நாள் ஈட்டிய விடுப்பு. கழித்தால் ஒருவர் உண்மையில் வேலைக்கு வரக்கூடியது 271 நாள். நிரப்ப வேண்டியது 365 x 3 = 1,095 ஷிப்ட். வகுத்தால் 4.04. பயிற்சி, காய்ச்சல், கோர்ட் சாட்சி, பந்தோபஸ்து எல்லாம் சேர்த்தால் நாலரைக்குக் குறையாது. மூன்று பேரை வைத்து ஓட்டினால் என்ன ஆகும்? ஓடும். ஓய்வையும் விடுப்பையும் தின்று ஓடும். எட்டு மணி நேர ஷிப்ட் என்று நான் எடுத்துக்கொண்டதே தாராளம்.

காவல்துறையில் 2021-ல் காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று அரசாணை வந்தது ஞாபகம் இருக்கும். நல்ல ஆணை, எவ்வளவோ வருஷக் கோரிக்கை. ஏழு நாளும் வந்துகொண்டிருந்தவருக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் அதே வேலைக்கு ஆறில் ஒரு பங்கு ஆள் கூடுதலாக வேண்டும், இது ஐந்தாம் வகுப்புப் பின்னம். அந்த ஆளைக் கொடுக்காத ஸ்டேஷனில் ஓய்வு ரிஜிஸ்டரில் மட்டும்தான் இருக்கும்.

வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் காவலர் தேர்வு என்று பேப்பரில் படிக்கிறேன். எங்கள் ஸ்டேஷனில் ஒரு புது முகமும் இல்லையே?
(வாசகி, நாமக்கல்)

அம்மா, இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வாகிறவர் நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வர மாட்டார். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் 1991-ல் உருவானது. காவலர், சிறைக்காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் சேர்த்தே பொதுத் தேர்வு நடத்துகிறது. எழுத்துத் தேர்வு, உடல் தகுதி, சான்றிதழ் சரிபார்ப்பு, நடுவில் எவராவது கோர்ட்டுக்குப் போனால் அந்தத் தடை, அப்புறம் மாதக்கணக்கில் பயிற்சி. அதெல்லாம் முடிந்து அவர் போவது மாவட்ட ஆயுதப்படைக்கு, இல்லாவிட்டால் பட்டாலியன் என்று சொல்கிறோமே, அந்தச் சிறப்புக் காவல் படைக்கு. சில வருஷம் அங்கே இருந்த பிறகுதான் ஸ்டேஷன்.

ஆக இன்றைக்கு உங்கள் ஸ்டேஷனில் இருக்கும் காலி இடம் பல வருஷம் முன்னால் ஆள் எடுக்காததன் விளைவு. இன்றைக்கு எடுக்காவிட்டால் அதன் வலி பின்னால் யாருடைய ஆட்சியிலோ தெரியும். எனக்கு இதில்தான் உண்மையான கோபம், ஏனென்றால் தள்ளிப்போடுகிறவருக்கு இதனால் எந்த நஷ்டமும் கிடையாது.

டெண்டர் என்றாலே குறைந்த விலைக்காரனுக்குத்தானே? உயிர் காக்கும் கருவியைக்கூட மலிவாகப் பார்த்தா வாங்குவது?
(சிறுதொழில் நடத்தும் வாசகர், கோவை)

பாதி சரி. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் 1998-ல் வந்தது, விதிகள் 2000-ல். அதன்படி தகுதி பெற்றவர்களில் குறைந்த விலை கேட்டவருக்குத்தான் வேலை, நீங்கள் எல்1 என்று சொல்வீர்களே, அவர்தான். ஆனால் ‘தகுதி பெற்றவர்களில்’ என்பதைக் கவனியுங்கள். பெரிய கொள்முதல்களில் இரண்டு உறை இருக்கும். முதல் உறையில் தொழில்நுட்ப விவரம், இரண்டாவதில் விலை. முதலில் தேறாதவரின் இரண்டாவது உறையைத் திறக்கவே மாட்டார்கள்.

அதனால் கொள்முதலின் உயிர் விலையில் இல்லை, அதற்கு முன்னால் எழுதப்படும் ஸ்பெசிபிகேஷனில் இருக்கிறது. பம்ப் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் தள்ள வேண்டும், உதிரி பாகம் எத்தனை வருஷத்துக்குக் கிடைக்க வேண்டும், பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வர வேண்டும், இதையெல்லாம் அங்கேயே எழுதிவிட்டால் எல்1 ஒன்றும் பாவமில்லை. எழுதாமல் விட்டால் தரமில்லாத சரக்கு சட்டப்படி உள்ளே வரும். ஒரே ஒரு கம்பெனிக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி எழுதினால் அதுவும் சட்டப்படி மாதிரியே தெரியும். அலுவலகத்தில் இதற்கு ‘சட்டை தைப்பது’ என்று எங்களுக்குள் ஒரு பெயர் உண்டு. ஆளைப் பார்த்து அளவெடுத்த சட்டை.

நீங்கள் கவனிக்க வேண்டியது நாட்கள். இரண்டு கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. குறைப்பதானால் மேலதிகாரி காரணத்தை எழுதிவைத்துக் குறைக்க வேண்டும். இயற்கைப் பேரிடர், அவசரம் போன்ற சூழ்நிலைகளில் டெண்டரே இல்லாமல் வாங்க அதே சட்டத்தின் 16-வது பிரிவு இடம் தருகிறது. வெள்ளத்தில் படகு வாங்க 30 நாள் காத்திருக்க முடியாது, நியாயம். ஆனால் வருஷா வருஷம் அக்டோபரில் வரப்போகிற மழைக்கு நவம்பரில் ‘அவசரம்’ என்று எழுதினால் அந்தக் கோப்பை எடுத்துப் படித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

தீயணைப்பு வண்டியில் இன்னொரு கூத்து உண்டு. பெரும்பாலும் சேசிஸ், அதாவது எஞ்சினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம், ஒருவரிடம் வாங்கி, பாடி கட்டும் வேலை வேறொருவரிடம் போகும். இரண்டு டெண்டர், இரண்டு தாமதம். சேசிஸ் வந்து நின்று, பாடிக்கான கோப்பு இன்னும் நகர்ந்துகொண்டிருந்தால் வாரண்டி காலம் வெயிலில் கரையும்.

விபத்து நடந்தால்தான் கோப்பு வேகமாக நகருமா?
(கல்லூரி மாணவர், கும்பகோணம்)

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பது கையைக் கொஞ்சம் நடுங்க வைக்கிறது. 2004 ஜூலை 16-ல் உங்கள் ஊர்ப் பள்ளியில் கீற்றுக் கூரை பிடித்து எரிந்த தீயில் 94 குழந்தைகள் போனார்கள். அதன் பிறகு தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் கீற்றுக் கூரையை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது, எடுத்தார்கள், வேகமாகவே எடுத்தார்கள். கூரையை மாற்றுவது ஒரு தடவை வேலை, தனியார் பள்ளியில் நிர்வாகத்தின் செலவு. ஆனால் வருஷா வருஷம் ஒவ்வொரு பள்ளிக்கும் போய் மாடிப்படி அகலமா, கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். மறுபடி தொடர் செலவினம். ஆமாம் தம்பி, கோப்பு நகரும். எது வாங்குவதற்கானதோ அது நகரும்.

எங்கள் தெருக்காரர்கள் காசு போட்டு கேமரா வைத்தோம். இன்றைக்குப் பாதி வேலை செய்யவில்லை. ஸ்டேஷனில் கேட்டால் கையை விரிக்கிறார்கள்.
(வணிகர், சென்னை)

2017-க்குப் பிறகு சென்னையில் ‘மூன்றாவது கண்’ என்று போலீஸே பிரசாரம் செய்து, வியாபாரிகளும் குடியிருப்போரும் பணம் போட்டு வைத்த கேமராக்கள் ஏராளம். வழக்குகளில் உதவின, மறுக்கவில்லை. ஆனால் நன்கொடைக் கேமரா அரசுச் சொத்துப் பதிவேட்டில் ஏறாவிட்டால் பராமரிப்புக்கு ஒதுக்கீடு எங்கிருந்து வரும்? வைத்தவர் கடையை மாற்றியிருப்பார், கேட்ட இன்ஸ்பெக்டர் மாறியிருப்பார், ஒயரை எலி கடித்திருக்கும். பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியில் வந்த பாதுகாப்பான நகரம் திட்டத்துக்குச் சென்னை உட்பட எட்டு நகரங்களைத் தேர்ந்தெடுத்தார்கள், அதில் ஒன்றியம் 60, மாநிலம் 40 என்று பங்கு. அந்த மாதிரி கேமராவுக்காவது யாரிடம் கேட்பது என்று ஒரு காகிதம் இருக்கும். உங்களுடையதற்கு, தெருக்காரர்கள் சங்கமே ஒரு பராமரிப்பு ஒப்பந்தம் போட்டுக்கொள்வது தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மும்பையில் தீயணைப்பு மாநகராட்சி கையில். நம் மேயருக்கு ஏன் அந்த அதிகாரம் இல்லை?
(வாசகர், மதுரை)

அரசியலமைப்பின் 12-வது அட்டவணையில், நகராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று சொல்லும் 18 பணிகளில் தீயணைப்பும் ஒன்று. ‘கொடுக்கலாம்’ என்பதுதான் அதில் முக்கியமான சொல். தமிழ்நாட்டில் அது மாநிலத் துறை. காவல் எப்படியும் மாநிலப் பட்டியல். மாநகராட்சியிடம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. சம்பளம் போடவே திணறும் நகராட்சிகள் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

சரி, நான் என்னதான் செய்வது? யாரிடம் கேட்பது?
(முதல் கேள்வி கேட்ட அதே கடலூர் வாசகர், கடிதத்தின் பின்பக்கத்தில்)

கிராம சபையில் தீர்மானம் போடுங்கள், வீணாகாது, கருத்துருவோடு இணைக்க ஒரு காகிதம் கிடைக்கும். துறை தன் செலவுக்குச் சட்டமன்றத்தில் பணம் கேட்கும் மானியக் கோரிக்கையின்போது வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பைத் துறையின் இணையப் பக்கத்தில் இறக்கிப் படியுங்கள். காவல்துறைக்கு கோரிக்கை எண் 22, தீயணைப்புக்கு 23.

அப்புறம் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி தீயணைப்புத் துறையின் மாவட்டப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் ஆள் போடவில்லை’ என்று கேட்காதீர்கள், ‘ஏன்’ என்று கேட்டால் ‘காரணம் கூறும் ஆவணம் இல்லை’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எண்ணாகக் கேளுங்கள். இந்த நிலையத்துக்கு ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, பதவி வாரியாக இன்று நிரப்பப்பட்டவை எத்தனை, அதில் டிரைவர் எத்தனை, கூடுதல் பணியிடம் கேட்டு அனுப்பிய கடைசிக் கருத்துருவின் நகல், அதன் தற்போதைய நிலை.

அந்தக் கருத்துருவே அனுப்பப்படவில்லை என்று பதில் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பதிலின் நகலை எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.