டேப்லெட் வந்துவிட்டது, தவணையிலிருந்து விலக முடியுமா?

கேள்வி: தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். மகள் அரசுப் பள்ளியில் 8-ம் வகுப்பு. போன வாரம் ஒரு கற்றல் செயலியின் ஆள் லைன் வீட்டுக்கே வந்தார். அரை மணி நேரம் தேர்வு வைத்து, 'இவளை டாக்டராக்கலாம், இப்போதே ஆரம்பிக்கணும்' என்றார். டேப்லெட்டைக் கொடுத்து, என் கணவர் போனுக்கு வந்த ஓ.டி.பி.யைக் கேட்டு வாங்கிக்கொண்டார். 5-ம் தேதிதோறும் 2,400 ரூபாய் பிடிப்பார்களாம், 24 மாதம். வீட்டில் சிக்னலே கிடையாது. வேண்டாம் என்றால் மகள் அழுகிறாள். என்ன செய்ய?
- வாசகி, கோத்தகிரி

பதில்: விலகப் பாருங்கள் அம்மா. ஆனால் அவசரப்பட்டு வங்கிக்குப் போய் ஆட்டோ டெபிட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இப்படிப்பட்ட ஓ.டி.பி. பெரும்பாலும் கடனுக்குத்தான். ஒரு நிதி நிறுவனம் உங்கள் கணவர் பெயரில் கடன் எழுதி, பணத்தைச் செயலிக்காரர்களிடம் கொடுத்திருக்கும். தவணையை நிறுத்தினாலும் கடன் அப்படியே இருக்கும். பவுன்ஸ் கட்டணம் ஏறும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் இறங்கும். நாளைக்கு மகளுக்குக் கல்விக் கடன் கேட்டுப் போகும்போது அதுவே குறுக்கே நிற்கும்.

கணவர் போனில் எஸ்.எம்.எஸ்., மெயில் எல்லாம் பார்த்து நிதி நிறுவனத்தின் பெயரையும் கடன் எண்ணையும் எடுங்கள். கடன் விவரத் தாளில் 'கூலிங் ஆஃப்' எத்தனை நாள் என்று இருக்கும். அதற்குள் விலகினால் அசலும் அந்தச் சில நாள் வட்டியும், தாளில் முன்பே சொல்லியிருந்தால் ஒரு செயலாக்கக் கட்டணமும்தான், அபராதம் கிடையாது. ரிசர்வ் வங்கி விதி அது. நாள் கடந்திருந்தால் செயலியின் ரீஃபண்ட் நிபந்தனையைப் பாருங்கள். டேப்லெட்டை இனி ஆன் செய்யாமல் பெட்டியில் வையுங்கள். பயன்படுத்தியதைக் காட்டியே மறுப்பார்கள்.

இரண்டு நிறுவனத்துக்கும் ஒரே நாளில் மெயில் போடுங்கள்: 'கோர்ஸை ரத்து செய்து, கடனை மூடி, பாக்கி இல்லை என்று கடிதம் தரவும்.' போனில் சொல்லும் 'பார்த்துக்கிறோம்' எதற்கும் ஆகாது. இழுத்தடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915. நிதி நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் 14448. கடிதம் வரும்வரை 4-ம் தேதியே கணக்கில் பணம் இருக்கட்டும். சம்பளம் 7-ம் தேதியோ 10-ம் தேதியோ விழும் வீடுகளில், 5-ம் தேதி கணக்கில் பணம் இல்லாமல்தான் தவணை பவுன்ஸ் ஆகிறது.

அந்த அரை மணி நேரத் தேர்வை மனதில் வைக்காதீர்கள். அது கோர்ஸ் விற்பதற்கான தேர்வு. டாக்டர் ஆசைக்கு உங்கள் மகளிடம் ஏற்கெனவே ஒரு பெரிய வழி இருக்கிறது: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்து நீட் தேறினால், மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. இதை அவளிடம் உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

பாடப் புத்தகத்தில் உள்ள கியூஆர் கோடைத் தீக்ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் வீடியோ பாடம் இலவசம். சிக்னல் கிடைக்கும் ரோட்டோரத்தில் டவுன்லோட் செய்துகொண்டால் வீட்டில் நெட் இல்லாமலே பார்க்கலாம். பார்த்த கையோடு பாடத்தின் கடைசியில் உள்ள பயிற்சியை நோட்டில் போடட்டும். தடுக்கிற கணக்கைக் குறித்துவைத்து மறுநாள் டீச்சரிடம் கேட்கட்டும்.