டிஜே ஆக விரும்பும் மகன்: தங்கச்சிமடத்துத் தாய்க்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா. பிளஸ் டூ முடித்த மகன் டிஜே ஆகப்போகிறேன், ஹிப்ஹாப் இசை தயாரிக்கப்போகிறேன் என்கிறான், இரண்டு லட்ச ரூபாய்க்கு செட் வாங்க நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நகையை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதற்காக அவனைத் தடுத்தும் விடாதீர்கள். இது பிழைக்க வழியுள்ள தொழில்தான். ஆனால் விலை உயர்ந்த செட் தேவைப்படும் கட்டத்துக்கு அவன் இன்னும் வரவில்லை.

தம்பி சொல்வது இரண்டு வேலைகள். டிஜே, இருக்கும் பாட்டுகளைக் கூட்டத்துக்கு ஏற்றபடி கோத்துப் போடுபவர். ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று பேசி வாங்குவார். தயாரிப்பாளர், பாட்டுக்கு அடித்தளமான தாள இசையை, அதாவது பீட்டை அமைத்து, ராப் பாடுபவரின் குரலைப் பதிவு செய்து, முழுப் பாட்டாக முடித்துக் கொடுப்பவர். ஹிப்ஹாப்பில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் நடந்த ஒரு விருந்தைத்தான் அந்த இசையின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். பள்ளிக்கூடம் திறக்குமுன் துணிமணி வாங்கப் பணம் சேர்க்க ஒரு பெண் ஏற்பாடு செய்த விருந்து அது. பாட்டுப் போட்டவர் அவருடைய அண்ணன் கூல் ஹெர்க். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, ஆடுபவர்களுக்குப் பிடித்த தாளத் துண்டை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டி நீட்டியது அவர் கண்டுபிடித்த வித்தை. கூட்டம் எந்த இடத்தில் ஆடுகிறது என்று கவனித்ததில் பிறந்த வித்தை அது.

தம்பியும் கையில் இருப்பதை வைத்தே தொடங்கலாம். பீட் அமைத்துக் குரல் பதிவு செய்யும் பேண்ட்லேப் செயலி போனிலேயே இலவசமாக ஓடும். கணினி கிடைத்தால் எஃப்.எல். ஸ்டுடியோ என்ற இசை தயாரிக்கும் மென்பொருளின் சோதனைப் பதிப்பு போதும். அதில் எல்லாம் செய்யலாம், சேமித்த கோப்பை மறுபடி திறக்க மட்டும் முடியாது. என்னைக் கேட்டால் அது நல்லதுதான், உட்கார்ந்தால் முடித்துவிட்டு எழுந்திருக்கும் பழக்கம் வரும். பாட்டுகளைக் கோத்துப் பழக மிக்ஸ் (Mixxx) என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இந்தத் துறையில் பிள்ளைகள் தேங்கிப்போவது பாதியில் விட்ட பீட்டுகளால்தான். நல்ல தொடக்கமாக அரை நிமிடத் துண்டுகள் கணினி நிறையக் கிடக்கும், முழுசாக ஒரு பாட்டு இருக்காது.

அடுத்து, அவனை உங்கள் பக்கத்தில் உள்ள ஒரு மைக் செட்காரரிடம் வேலைக்கு அனுப்புங்கள். இதைச் சொன்னால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். வயர் இழுப்பதும் பாக்ஸ் தூக்குவதும் டிஜே வேலையா என்பார்கள். அது இல்லாமல் டிஜே இல்லை. ஜெனரேட்டருக்கு மாறும்போது எதை முதலில் அணைக்க வேண்டும், மைக் ஏன் வீறிடுகிறது, உப்புக்காற்றில் ஜாக் துருப்பிடிக்காமல் எப்படித் துடைத்து மூடி வைப்பது, இதெல்லாம் யூடியூப் பார்த்துக் கைக்கு வராது. கூட்டத்தைப் படிக்கவும் அங்கேதான் பழக முடியும். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணங்கள் இருக்காது, ஆனால் ஆடியில் அம்மன் கோயில் கொடை வரும், ஜூலையில் உங்கள் ஊர் வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழா வரும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் முஸ்லிம் கல்யாண வீடுகளில் எது போடலாம், எது கூடாது என்பது தனிப் பாடம். நம் குத்துப் பாட்டுகள் பல ஆறு எண்ணிக்கையில் நடக்கும், ஹிப்ஹாப் நாலில் நடக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஆட்டம் நிற்காமல் தாவத் தெரிந்தவனை நம் பக்கத்தில் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள்.

சட்டம் ஒன்று. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. விழாக்களுக்கு அரசு தரும் விலக்குகூட நள்ளிரவு வரைதான், வருஷத்தில் 15 நாளுக்கு மேல் கிடையாது. அப்புறம், காது. 85 டெசிபல் சத்தத்தை 8 மணி நேரம் தாங்கலாம் என்பது தொழிலாளர் நலத்தில் பின்பற்றும் ஒரு கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். காது போனால் இந்தத் தொழிலே போயிற்று. முதல் சம்பளத்தில் காதடைப்பான் வாங்கச் சொல்லுங்கள்.

படிப்பை விட வேண்டாம். சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவுக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. பிளஸ் டூவில் எந்தப் பாடம் எடுத்திருக்க வேண்டும் என்பதை விண்ணப்ப அறிவிப்பில் பாருங்கள். கிடைக்காவிட்டால் மதுரைப் பக்கம் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) சேரட்டும். டப்பிங், பாட்காஸ்ட், திரைப்பட ஒலி, நேரலை ஒலி என்று டிஜே மேடைக்கு வெளியே சம்பளம் வரும் கதவுகள் அந்தப் பக்கம்தான் திறக்கும். சில மாதத்தில் டிஜே ஆக்கிவிடுகிறோம் என்று பெருந்தொகை கேட்கும் இடங்களில், முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் பற்றி அவன் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டியது உரிமை. அடுத்தவர் பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பீட்டில் வைத்தால் அனுமதி வேண்டும். அமெரிக்காவில் 1991லேயே பிஸ் மார்க்கி என்ற ராப்பர் மீதான வழக்கில் நீதிமன்றம் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. பதிப்புரிமைச் சட்டம் தம்பியின் பாட்டுக்கும் காவல். இந்தியாவில் 2012 திருத்தத்துக்குப் பிறகு, இசையமைப்பவருக்கும் பாடலாசிரியருக்கும் உள்ள ராயல்டி பங்கை எளிதில் எழுதி வாங்கிவிட முடியாது. பாட்டு வெளிவரத் தொடங்கியதும் அந்த ராயல்டியை வசூலித்துக் கொடுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகச் சேரட்டும். பீட் கேட்டு வருபவரிடம், இது பயன்படுத்த மட்டும் கொடுப்பதா, மொத்தமாக விற்பதா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

அவனுக்கென்று ஒரு ஒலி வேண்டும் என்றால், அது வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு, சம்மதம் வாங்கிப் பதிவு செய்யட்டும். அந்தப் பாட்டில் வருமானம் வந்தால் அவர்களுக்கும் பங்கு கொடுக்க வேண்டும். பாம்பனிலிருந்து ஒலிக்கும் கடல் ஓசை சமுதாய வானொலிக்கு ஒருமுறை போய், பதிவு அறையில் உதவியாளாக இருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்கலாம்.

ஒரு வருஷம் கழித்துக் கையில் பத்து முடித்த பாட்டும், மைக் செட்காரரின் நல்ல வார்த்தையும் இருந்தால், அப்போது 20,000 முதல் 35,000 ரூபாய்க்குள் ஒரு ஆரம்பக் கன்ட்ரோலர், அதாவது கணினியில் உள்ள பாட்டுகளைக் கையால் கோக்க உதவும் கருவி, வாங்கலாம். அதில் பாதியாவது அவன் சம்பாதித்ததாக இருக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் எந்தத் தவணையும் ஆரம்பிக்காதீர்கள். கன்ட்ரோலர் வாங்கும் முன், முதல் மூன்று பாட்டு முடிந்ததுமே பென் டிரைவில் எடுத்துக்கொண்டு என்னிடம் வரச் சொல்லுங்கள். அவன் அப்பா கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து வந்தால் அவரும் உட்கார்ந்து கேட்கலாம்.