ஃபிக்ஸி வாங்குகிறவர் முதலில் பின்பக்கம் நின்று பார்க்கட்டும்

கியர் இல்லாத சைக்கிள் மறுபடியும் மவுசு பெற்றுவிட்டது போலிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியவைதான். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

இணையக் கடையில் ‘ஃபிக்ஸி’ என்று போட்டிருந்த சைக்கிளை 16,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் அது சும்மா சுற்றுகிறது. இது ஃபிக்ஸியே இல்லை என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். விற்றவரோ, “ஒரே கியர்தானே, அதற்குப் பெயர்தான் ஃபிக்ஸி” என்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

உங்கள் நண்பர்கள் சொல்வது சரி, விற்றவர் சொல்வது தவறு. ஆனாலும் நீங்கள் ஏமாந்தீர்களா என்பதை வண்டியின் பின்சக்கரத்தைப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும்.

குழந்தைகளின் மூன்று சக்கர வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பெடல் முன்சக்கரத்தோடு ஒட்டியிருக்கும். சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். சரிவில் இறங்கும்போது குழந்தை இரண்டு காலையும் தூக்கிக்கொள்வது அதனால்தான். ஃபிக்ஸியும் அதே ஜாதி. இணைப்பு மட்டும் செயின் வழியாகப் பின்சக்கரத்துக்குப் போகிறது. மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உருள முடியாது. பின்னோக்கி மிதித்தால் வண்டி பின்னோக்கிப் போகும். சிங்கிள் ஸ்பீடு என்பது வேறு. அதிலும் ஒரே கியர்தான், ஆனால் பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் உண்டு. மிதிப்பதை நிறுத்தினால் ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டுக்கொண்டு வண்டி தானே ஓடும். உங்களிடம் இருப்பது இது.

சண்டைக்குப் போகும் முன் பின்சக்கரத்தின் நடுவில் அச்சைச் சுற்றியிருக்கும் ஹப்பின் இடது பக்கத்தைப் பாருங்கள். செயின் ஓடாத அந்தப் பக்கத்தில் மரை வெட்டியிருக்கிறதா? அந்த மரை இரண்டு படியாக, உள்ளே சற்றுப் பெரியதும் வெளியே சற்றுச் சிறியதுமாக இருக்கிறதா? இருந்தால் உங்களுடையது இருபக்க ஹப். உள்மரையில் ஃப்ரீவீல் இல்லாத பல்சக்கரம் ஏறும். வெளிமரையில் ‘லாக்ரிங்’ என்ற பூட்டு வளையம் ஏறும். இந்த இரண்டையும் வாங்கிப் பொருத்திச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினால் வண்டி ஃபிக்ஸி ஆகிவிடும். அப்படியானால் உங்களுக்கு நஷ்டம் சொற்பம்.

மரையே இல்லை, அல்லது ஒரே படிதான் இருக்கிறது என்றால் விளம்பரத்தில் சொன்ன பொருளை அவர் தரவில்லை. பெடலைப் பின்னோக்கிச் சுற்றுவதை ஒரு வீடியோ எடுத்து, விளம்பரப் பக்கத்தின் படத்தையும் சேர்த்து, எழுத்து மூலமாகப் புகார் அனுப்புங்கள். போனில் பேசியது எதுவும் சாட்சிக்கு நிற்காது. விளம்பரப்படுத்திய தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரில் புகார் தர 2019ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இதுவரை ஃபிக்ஸி ஓட்டியிருக்கிறீர்களா? இல்லையென்றால், நண்பர் ஒருவரின் வண்டியை ஒரு வாரம் வாங்கி அவிநாசி ரோட்டின் காலை நெரிசலில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் புகார் எழுதுங்கள். தவறிப்போய் நல்ல பொருளே வந்து சேர்ந்திருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினாலும் தோன்றலாம்.

அப்பாவின் பழைய 28 அங்குல சைக்கிள் வீட்டில் சும்மா நிற்கிறது. ஃப்ரீவீலுக்கு வெல்டிங் வைத்தால் ஃபிக்ஸி ஆகிவிடும், 200 ரூபாய் போதும் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா?
– வாசகி, மதுரை

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஃப்ரீவீல் ஹப்பில் ஏறியிருப்பது வலமரையில். முன்னோக்கி மிதிக்க மிதிக்க அது இறுகும். வெல்டிங் வைத்துப் பூட்டிவிட்டால், வேகத்தைக் குறைப்பதற்காக நீங்கள் பெடலைப் பின்னோக்கி அழுத்தும் ஒவ்வொரு முறையும் அதே மரை கழலப் பார்க்கும். உண்மையான ஃபிக்ஸி ஹப்பில் பூட்டு வளையம் இடமரையில் இருப்பதன் காரணமே இதுதான்: பல்சக்கரம் கழலத் திரும்பினால் வளையம் எதிர்த்திசையில் இறுகி அதைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் அப்பாவின் ஹப்பில் அந்த இரண்டாவது மரை கிடையாது. பிரேக்காக நம்பிக் காலை அழுத்துகிற அந்த நொடியில்தான் அது கைவிடும். வெளிநாட்டுச் சைக்கிள்காரர்கள் இந்த மாதிரி ஹப்புக்குத் தற்கொலை ஹப் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதோடு, அந்த வண்டி பிறக்கும்போதே சிங்கிள் ஸ்பீடுதான். தமிழ்நாட்டில் பாதிப் பேர் குரங்குப் பெடல் போட்டுக் கற்றது அந்த வண்டியில். 1949இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கி, அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் ஊர் ஊராகப் போன காலத்திலிருந்து பால்காரரும் தபால்காரரும் வாத்தியாரும் கியர் இல்லாமல்தான் ஓட்டினார்கள். யாரும் அதற்கு ஆங்கிலப் பெயர் வைத்துக் கூடுதல் விலை கேட்கவில்லை.

அந்த 200 ரூபாயோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து முழு ஓவராயில் செய்யச் சொல்லுங்கள். ஹப்பிலும் கிராங்கிலும் பால்ஸ் மாற்றி, புது கிரீஸ் வைத்து, சக்கரக் கோட்டம் எடுத்தாலே வண்டி பாதி புதிதாகிவிடும். கிராங்கை அச்சோடு பூட்டும் காட்டர் பின்னைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் ‘டொக்’ என்று சத்தம் வந்தால் அது தேய்ந்துவிட்டது. நான் பள்ளிக்கூடம் போன வண்டியில் அந்தச் சத்தத்தை ஒரு வருடம் கேட்டும் கேளாமல் ஓட்டினேன். கடைசியில் பின்னோடு கிராங்கும் போனது.

பிரேக் விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். கம்பி பிரேக் ரிம்மின் உட்பக்கத்தை அழுத்துகிறது. குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் கட்டை வழுக்கும். புதுக் கட்டை போடுங்கள், மழையில் மெதுவாகப் போங்கள். மிதிப்பது பாரமாகத் தெரிந்தால், 18 பல் ஃப்ரீவீலுக்குப் பதில் 20 பல் போடச் சொல்லுங்கள். வித்தியாசத்தை முதல் மேம்பாலத்திலேயே உணர்வீர்கள்.

பழைய கியர் சைக்கிளின் ஃபிரேமை வைத்து நானே ஃபிக்ஸி கட்டலாம் என்றிருக்கிறேன். எதைப் பார்த்து ஃபிரேம் வாங்குவது?
– தாம்பரம் வாசகர்

பின்சக்கரத்தின் அச்சு உட்காரும் வெட்டைப் பாருங்கள். அது கிடையாக இருந்தால் சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்திச் செயினை இறுக்கலாம். செங்குத்தாக இருந்தால் முடியாது. செங்குத்து வெட்டுள்ள ஃபிரேமில் செயினை இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங் வைத்த கருவி ஒன்று விற்கிறார்கள். அது சிங்கிள் ஸ்பீடுக்குச் சரி. ஃபிக்ஸியில் பின்னோக்கி அழுத்தினால் இழுவிசை செயினின் கீழ்ப்பகுதிக்கு வந்து, அந்தக் கருவியை வளைத்து உடைத்துவிடும். ஆகவே ஃபிக்ஸிதான் வேண்டும் என்றால் கிடை வெட்டுள்ள பழைய இரும்பு ஃபிரேமைத் தேடுங்கள். பழசு என்பதால் மலிவாகவும் கிடைக்கும்.

அடுத்தது ஃபிரேமில் பின்சக்கர ஹப் உட்காரும் இடைவெளியின் அகலம். ஃபிக்ஸிக்கு மாட்டும் பந்தயத் தட ஹப்பின் அகலம் 120 மி.மீ. பழைய ரோடு ஃபிரேம்கள் 126, அதற்குப் பின் வந்தவை 130, மலைச் சைக்கிள்கள் 135. இரும்பு ஃபிரேமாக இருந்தால் சில மில்லிமீட்டரை வாஷர் போட்டோ, விவரம் தெரிந்தவரை வைத்து ஃபிரேமைச் சற்று நெருக்கியோ சமாளிக்கலாம். அலுமினிய ஃபிரேமை வளைக்கவே வளைக்காதீர்கள். கார்பன் என்றால் நினைக்கவும் வேண்டாம்.

செயினிலும் இரண்டு அகலம் உண்டு: அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, முப்பத்திரண்டில் மூன்று பங்கு. அகலச் செயின் ஒல்லிப் பல்லில் ஓடும். ஒல்லிச் செயின் அகலப் பல்லில் ஏறாது. சந்தேகமாக இருந்தால் அகலமானதையே வாங்குங்கள். முன்பல்லும் பின்பல்லும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பின்னால் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். கோணலாக ஓடும் செயின் ஃபிக்ஸியில் கழன்றால் சக்கரம் சிக்கி நின்றுவிடும்.

காசு எங்கே போக வேண்டும் என்று கேட்டால், பின்சக்கரத்துக்கு. ஹப்பும் பல்லும் பூட்டு வளையமும் நல்லதாக இருக்கட்டும். சீட்டு, ஹேண்டில்பார், வண்ண டயர் எல்லாம் பிறகு.

எத்தனை பல் வைப்பது? கடையில் 48–16 தான் ‘ஸ்டைல்’ என்கிறார்கள்.
– வாசகர், சென்னை

முன்பல்லைப் பின்பல்லால் வகுத்துச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்குங்கள். சாதாரண 700–28 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.13 மீட்டர். 48–16 என்றால் ஒரு மிதிக்கு 6.4 மீட்டர். 46–18 என்றால் 5.4 மீட்டர். வீட்டில் தாத்தாவின் 28 அங்குல வண்டி இருந்தால் அதன் பல்லை எண்ணிக் கணக்குப் போடுங்கள். நான் எண்ணிய ஒன்றில் 44–18 இருந்தது. அதுவும் ஒரு மிதிக்கு அதே 5.4 மீட்டர் பக்கம்தான் வருகிறது. மூட்டையும் ஆளையும் சுமந்து பழகியவர்களின் கணக்கு சும்மா வந்ததல்ல.

சென்னை சமதளம்தான். ஆனால் சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்ப வேண்டும், ஈசிஆரில் கடற்காற்று எதிரே அடிக்கும். 46–18 வைத்து நிமிடத்துக்கு 80 முறை மிதித்தால் மணிக்கு 26 கி.மீ. வரும். ஊருக்குள் அது தாராளம். ஃபிக்ஸி ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 48–16 என்பது மூன்றுக்கு ஒன்று. ஒரு மிதிக்குச் சக்கரம் சரியாக மூன்று சுற்று. காலால் அழுத்திச் சறுக்கி நிறுத்தும் ஒவ்வொரு முறையும் டயரின் அதே இடம்தான் தரையில் தேயும். அங்கே சீக்கிரம் ஓட்டை விழும். 46–17 வைத்தால் தேய்மானம் 17 இடங்களில் பரவும். ‘ஸ்டைல்’ சொன்ன கடைக்காரர் டயரும் விற்கிறாரா என்று பாருங்கள்.

மலைக்குப் போகிறவர்களுக்கு: ஏறுவது கூடப் பரவாயில்லை. 46–18 ஃபிக்ஸியில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இறங்கினால் கால் நிமிடத்துக்கு 120 சுற்றுக்கு மேல் சுழல வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு ஃப்ரீவீலும் இரண்டு நல்ல பிரேக்கும் போதும்.

15 வயது மகன் பிரேக் இல்லாத ஃபிக்ஸி கேட்கிறான். ஜப்பானியக் கெய்ரின் பந்தய ஃபிரேம் ஒன்று பழையதாக விலைக்கு வருகிறது. அசல் சரக்கு, பிரேக் மாட்டினால் மதிப்புக் குறையும் என்கிறான். என்ன செய்வது?
– ஒரு தாய், சிங்கப்பூர்

ஃபிரேம் அசலாகவே இருக்கலாம். கெய்ரின் 1948இல் ஜப்பானின் கொக்குராவில் தொடங்கிய பந்தயம். அதற்கு அனுமதி பெற்ற பாகங்களில் ‘என்.ஜே.எஸ்.’ முத்திரை இருக்கும். உழைப்பும் மிக நேர்த்தியானது. ஆனால் அது பந்தயத் தடத்துக்கான வண்டி. தடத்தில் எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள்; குறுக்கே பஸ் வராது, நாய் வராது. முன்னால் போகிறவர் சட்டென்று பிரேக் போட்டால் பின்னால் வருகிறவர்கள் மோதிவிடுவார்கள் என்பதால்தான் அங்கே பிரேக்கே வைப்பதில்லை. உங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே அந்த நியாயம் செல்லாது.

உங்கள் ஊரில் சட்டமும் இடம் கொடுக்காது. பொதுப் பாதையில் ஓட்டும் சைக்கிளில் வேலை செய்யும் கைப்பிரேக் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2021இல் விதி வந்துவிட்டது. “காலாலேயே நிறுத்திவிடுவேன்” என்று மகன் சொன்னால், நிறுத்தும்போது உடம்பின் பாரம் முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் தரையை விட்டு லேசாகிறது, அதனால் அது சறுக்குமே தவிரப் பிடிக்காது என்று விளக்குங்கள். முன் பிரேக் நிறுத்தும் தூரத்தின் பக்கத்தில்கூடக் கால் வராது. லண்டனில் 2016இல் முன்பிரேக் இல்லாத ஃபிக்ஸி மோதி ஒரு பெண் இறந்தார். ஓட்டிய இளைஞர் அடுத்த ஆண்டு 18 மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

அந்த ஃபிரேமின் முன் ஃபோர்க்கில் பிரேக்குக்கான துளை இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது. இல்லையென்றால் வாங்காதீர்கள். துளையுள்ள ஃபோர்க்கும் முன் பிரேக்கும் உள்ள புது ஃபிக்ஸி வாங்கிக் கொடுங்கள். வாங்கும் அன்றே ஒன்று சொல்லிவையுங்கள்: பின்சக்கரத்தைச் சுற்றவிட்டுக்கொண்டு செயினைத் துணியால் துடைக்கக் கூடாது. ஃப்ரீவீல் இல்லாத செயினில் துணி மாட்டினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், இடையில் நிற்காது. விரல் இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

வேட்டி கட்டிக்கொண்டு ஃபிக்ஸி ஓட்டலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

மடித்துக் கட்டினாலும் கூடாது ஐயா. செயின் கவர் கிடையாது. முனை சிக்கினால் பெடல் உங்களுக்காக நிற்காது. செயின் கவர் வைத்த சிங்கிள் ஸ்பீடு வாங்குங்கள். வாங்கும்போது 15 மி.மீ. ஸ்பேனர் ஒன்றையும் கேட்டு வாங்கிச் சீட்டுக்குக் கீழே கட்டி வையுங்கள். இந்த வண்டிகளில் சக்கரம் பெரும்பாலும் நட்டில்தான் நிற்கிறது, வழியில் பஞ்சர் ஆனால் கையால் கழற்ற முடியாது.