கரண்ட் போனால் யார் ஓடுவது?

அன்புள்ள அண்ணனுக்கு,

சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் ஆலையில் கம்பியூட்டர் வேலைகளை நான் ஒருவனே பார்க்கிறேன். ஆலை அலுவலகத்தில் ஒரு சேர்வர். அதில் புரொக்ஸ்மொக்ஸ் (ஒரே சேர்வரைப் பல கம்பியூட்டர்களாகப் பிரித்து ஓட்டும் மென்பொருள்) போட்டு கணக்கு டேட்டாபேஸ், பில்லிங், ஃபைல் என்று 3 விஎம், அதாவது மெய்நிகர் கம்பியூட்டர்கள், ஓடுகின்றன. கல்முனை, அக்கரைப்பற்று, காத்தான்குடி, ஓட்டமாவடி என நான்கு கிளைகள். சேர்வர் வேலைகளைத் தானாக நடக்க வைக்கும் ஒட்டோமேஷன் படிக்க ஆசை. அன்சிபிளா, டெராஃபோமா, எதில் தொடங்கலாம்? முதலாளியின் மருமகன் எல்லாவற்றையும் கிளவுட்டுக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். எல்லாம் தானாக நடந்தால் என் வேலை என்னாகும் என்ற பயமும் இருக்கிறது. கரண்ட் அடிக்கடி போகும் இடம் இது. யூபிஎஸ்ஸும் ஜெனரேற்றரும் இருக்கின்றன. நடுச்சாமத்தில் போனாலும் பைக்கை எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் போய் சேர்வரை மறுபடி ஓடவிடுவேன். ஒரே ஒரு தடவை டேட்டாபேஸ் ‘சஸ்பெக்ட்’ (பழுதாகியிருக்கலாம்) என்று நின்றது, பக்கப்பிலிருந்து மீட்டேன்.

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அன்சிபிள் படியுங்கள். டெராஃபோம் பெரும்பாலும் கிளவுட்டில் சேர்வர்களை உண்டாக்கவும் அழிக்கவும் பயன்படுவது. உங்களிடம் இருப்பது ஒரே ஒரு இரும்புப் பெட்டி, அதை ஏற்கெனவே வாங்கியும் ஆயிற்று. அன்சிபிள் இருக்கிற கம்பியூட்டர்களுக்குத் தூரத்திலிருந்து கட்டளை அனுப்புவது. லினக்ஸுக்கு எஸ்எஸ்எச் வழியாகவும் வின்டோஸுக்கு வின்ஆர்எம் வழியாகவும் போகும், அங்கே ஏஜென்ட் என்று தனி நிரல் எதையும் நிறுவ வேண்டியதில்லை. எழுதுவதை கிட் (ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள்) ஒன்றில் வையுங்கள். ஒரே பிளேபுக்கை, அதாவது அன்சிபிளுக்கு எழுதும் கட்டளைக் கோப்பை, இரண்டாம் முறை ஓட்டும்போது மாற்றம் பூச்சியம் என்று வரவேண்டும். வராவிட்டால் பிளேபுக்கில்தான் பிழை. கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

என்னை எழுத உட்கார வைத்தது உங்கள் கடைசி நான்கு வரிகள். பைக்கை எடுத்துக்கொண்டு ஓடுவதைச் சேவை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அக்கறை புரிகிறது, அப்படி ஒரு பிள்ளை கிடைத்ததற்கு முதலாளி சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் போய்ச் சேரும்போது நடக்க வேண்டிய கெடுதி நடந்து முடிந்திருக்கும். சேர்வர் விழுவது கரண்ட் போன நேரத்தில் அல்ல, பற்றரி தீர்ந்த நேரத்தில். அந்த இடைவெளியில் அதை ஒழுங்காக அணைக்க யாரும் இல்லை. ‘சஸ்பெக்ட்’ வந்தது அதனால்தான் இருக்கும். சாதாரண எஸ்எஸ்டி டிரைவ்கள் பெரும்பாலானவற்றில் மின்வெட்டைத் தாங்கும் கப்பாசிற்றர் கிடையாது. எழுதிவிட்டேன் என்று டேட்டாபேஸுக்குச் சொல்லிவிட்டு, எழுத வேண்டியதைத் தன் கஷேயில் (தற்காலிக நினைவகத்தில்) வைத்திருக்கும் டிரைவ்களும் உண்டு. மின் அறுந்தால் அது அப்படியே போகும். ஒரு தடவைதான் என்று எழுதுகிறீர்கள். ஆலைக் கணக்கு திரும்பி வந்தது உங்கள் அதிர்ஷ்டம், ஏற்பாடு அல்ல.

யூபிஎஸ் பெட்டியைத் திறந்த அன்று ஒரு யூஎஸ்பி வயர் கிடைத்திருக்கும். பிளாஸ்டிக் உறையோடு மேசை லாச்சியில் கிடக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் தொடங்க வேண்டிய ஒட்டோமேஷன் அந்த வயர்தான். அதை சேர்வரில் குத்தி, புரொக்ஸ்மொக்ஸில் நட் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். நெட்வேர்க் யூபிஎஸ் டூல்ஸ் என்பதன் சுருக்கம் அது. அதில் டிரைவருக்கு (யூபிஎஸ்ஸோடு பேசும் பகுதிக்கு) யூஎஸ்பி-ஹிட் என்று கொடுத்தால் பல யூபிஎஸ்கள் பேசும். மின் இருந்தால் ஓஎல், பற்றரியில் ஓடினால் ஓபி, தீரப்போனால் எல்பி என்று நிலை காட்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எல்பி வந்த பிறகு அணைக்கத் தொடங்கும்படி விட்டுவிடுவார்கள், ஏனென்றால் நட் தானாகச் செய்வது அதைத்தான். பழைய பற்றரி எல்பி காட்டிய ஒரு நிமிடத்தில் படுத்துவிடும். உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். புரொக்ஸ்மொக்ஸ் ஒவ்வொரு விஎம்முக்கும் 180 விநாடி பொறுக்கும். ஒன்றன்பின் ஒன்றாக அணையும்படி வரிசை போட்டிருந்தால், மூன்றுக்கும் மோசமான நிலையில் 9 நிமிடம். புரொக்ஸ்மொக்ஸ் அணைய இன்னும் 2 நிமிடம் என்று வையுங்கள். மொத்தம் 11. எல்பி அவ்வளவு நேரம் தராது. ஆகவே யூபிஎஸ்ஷெட் என்ற துணை நிரலில் டைமர் வையுங்கள்: ஓபி வந்து 180 விநாடி ஆனால் அணை, அதற்குள் ஓஎல் வந்தால் டைமரை ரத்துச் செய். நட்டின் யூபிஎஸ்மொன் அமைப்புக் கோப்பில் ஓபி, ஓஎல் இரண்டு அறிவிப்புகளுக்கும் எக்செக் கொடியை (நிரலை ஓட்டச் சொல்லும் குறியை) போட வேண்டும். அதை மறந்தால் டைமர் எழும்பவே எழும்பாது, நீங்கள் எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

அணைக்கும் வரிசை இன்னொரு கண்ணி. புரொக்ஸ்மொக்ஸ் ஏற்றும் வரிசையின் தலைகீழாகத்தான் அணைக்கும். டேட்டாபேஸ் 1, பில்லிங் 2, ஃபைல் 3 என்று கொடுத்திருப்பீர்கள், ஏற்றுவதற்கு அது சரி. அணைக்கும்போது டேட்டாபேஸ் கடைசியில் மாட்டும், பற்றரி ஆகக் குறைந்திருக்கும் நேரத்தில். அதனால் மற்ற இரண்டுக்கும் பொறுக்கும் நேரத்தை 60 விநாடியாகக் குறைத்து, மிஞ்சுவதை டேட்டாபேஸுக்குக் கொடுங்கள். வின்டோஸ் விஎம்களுக்குள், புரொக்ஸ்மொக்ஸ் சொல்வதைக் கேட்கும் கெஸ்ட் ஏஜென்ட் என்ற சிறு நிரல் உண்மையில் நிறுவப்பட்டிருக்கிறதா? புரொக்ஸ்மொக்ஸில் டிக் போட்டு, உள்ளே நிறுவாமல் விட்டால், வராத பதிலுக்காக முழு நேரமும் காத்திருந்துவிட்டுக் கழுத்தைப் பிடித்து நிறுத்தும். வயரைப் பிடுங்கியதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

அணைந்ததை ஏற்றுவது அடுத்த பாடு. சேர்வரின் பயோஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) மின் திரும்பினால் என்ன செய்வது என்ற இடத்தில் ‘லாஸ்ட் ஸ்டேட்’ இருந்தால் மாற்றுங்கள். ஒழுங்காக அணைந்த சேர்வரின் கடைசி நிலை அணைந்த நிலைதானே? கரண்ட் வந்தாலும் பேசாமல் கிடக்கும், நீங்கள் மறுபடி பைக் தேட வேண்டும். ‘பவர் ஓன்’ வையுங்கள். இன்னும் ஒன்று: சேர்வர் அணைந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் வந்துவிட்டால், யூபிஎஸ் மின்னை அறுக்காது, மதர்போர்டுக்கு மின் போனதே தெரியாது, எழும்பாது. அதற்காகத்தான் நட் கடைசியில் யூபிஎஸ்ஸிடம் ‘நீ அறுத்து, திரும்பக் கொடு’ என்று சொல்லும் வசதி. அறுக்க 20 விநாடி, கொடுக்க 30 விநாடி என்பது யூஎஸ்பி-ஹிட் டிரைவரில் ஏற்கெனவே இருக்கும் அளவு. இரண்டாவது எண் முதலாவதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். மலிவு யூபிஎஸ்கள் சில இந்தக் கட்டளையைக் காதில் போட்டுக்கொள்ளாது, செய்து பார்த்துத்தான் தெரியும்.

மாரி காலத்தில் கரண்ட் ஒரு தடவை போய் நிற்பதில்லை, போய் வந்து போகும். முதல் வெட்டில் பற்றரி கரைந்திருக்க, இரண்டாவது வெட்டு விஎம்கள் ஏறிக்கொண்டிருக்கும்போது அடிக்கும். விஎம்கள் தாமாக ஏறுவதை நிறுத்திவிட்டு, பற்றரி 50 சதவீதத்தைத் தாண்டிய பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை வையுங்கள். காலையில் கிளைகள் அரை மணி நேரம் கத்தட்டும்.

ஜெனரேற்றர் இருக்கிறது என்கிறீர்கள். அரிசி ஆலை மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஜெனரேற்றரின் வோல்ட்டும் 50 ஹேர்ட்ஸும் ஆடும். யூபிஎஸ் அதைக் கெட்ட மின் என்று ஒதுக்கிவிட்டுப் பற்றரிக்குத் தாவும், திரும்பும், தாவும். அலுவலகம் முழுக்க லைட் எரிந்துகொண்டிருக்க சேர்வர் மட்டும் படுக்கும். யூபிஎஸ்ஸின் சென்சிற்றிவிற்றியைக் குறையுங்கள். எலெக்ரீஷியனிடம் சொல்லி அலுவலகத்துக்கு வேறு லைன் எடுக்க முடியுமா என்று பாருங்கள்.

கிளைகளில் இருப்பது யூஎஸ்பி துளையே இல்லாத சின்ன யூபிஎஸ் என்றால் வழி உண்டு. பழைய றவுட்டர் ஒன்றையும் பிரின்டரையும் யூபிஎஸ்ஸில் போடாமல் நேரே சுவரில் போடுங்கள். பிரின்டர் நெட்வேர்க்கில் உள்ளதாக இருக்க வேண்டும். கம்பியூட்டர் நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டையும் பிங் பண்ணட்டும். மூன்று நிமிடம் இரண்டுமே பதில் தராவிட்டால் தன்னை அணைத்துக்கொள்ளட்டும். இவற்றை இணைக்கும் நெட்வேர்க் சுவிட்சை மட்டும் கட்டாயம் யூபிஎஸ்ஸில் போடுங்கள், அதற்கு மின் போனாலே இரண்டும் பதில் தராமல் பட்டப்பகலில் கடைக் கம்பியூட்டர் அணையும். இந்த ஸ்கிரிப்டை நான்கு கிளைக்கும் அனுப்புவதுதான் உங்கள் முதல் அன்சிபிள் பிளேபுக்.

மருமகனுக்கு: கிளவுட்டுக்குப் போகும் ஃபைபர் பெட்டிக்கும் கரண்ட் வேண்டும். பக்கப்பும் தானாக வந்துவிடாது. 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் கிளவுட்டிலேயே ரான்சம்வெயார் (தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) புகுந்து, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான அரச மின்னஞ்சல்கள் போயின. உங்கள் வேலை போகாது தம்பி. ஓடுகிற வேலை போகும், போகட்டும். கல்யாணம் கட்டியிருந்தால் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

பற்றரிகளில் வாங்கிய திகதியை மார்க்கரால் எழுதுங்கள். 25 பாகை செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் பாதியாகும். கச்சான் காற்று அடிக்கும் ஊரில், ஏசி இல்லாத அறையில் 5 வருடப் பற்றரி இரண்டரை வருடத்திலேயே தேயலாம். இரண்டு பற்றரி உள்ள யூபிஎஸ்ஸில் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்.

ஆலை பூட்டியிருக்கும் ஒரு போயா நாளில், பக்கப் எடுத்துவிட்டுச் சோதியுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம், ஏர்த்தும் சேர்ந்து போகும். அந்த லைனின் பிரேக்கரை இறக்குங்கள். ஃபோனில் நேரம் ஓடட்டும். டைமர் தொடங்கியது, கடைசி விஎம் அணைந்தது, யூபிஎஸ் அறுத்தது ஆகிய மூன்று நேரங்களைக் குறியுங்கள். அடுத்த தடவை விஎம்கள் அணைந்துகொண்டிருக்கும்போதே பிரேக்கரை ஏற்றிப் பாருங்கள். சேர்வர் தானாக எழும்பாவிட்டால் யூபிஎஸ் மொடலையும் நட் லொக்கையும் (அது எழுதி வைக்கும் பதிவுக் கோப்பையும்) எனக்கு அனுப்புங்கள்.