டெல்கோவைத் திருகுவதற்கு முன்: பழைய கார்களின் இக்னிஷன் டைமிங் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர் இருக்கிறது. ஏற்காடு மலை ஏறும்போது என்ஜினில் சில்லறைக் காசைக் குலுக்குவது போன்ற சத்தம் வந்தது. மெக்கானிக் டைமிங்கைக் குறைத்து வைத்தார். சத்தம் நின்றது. ஆனால் இழுவை போய்விட்டது, வண்டியும் சூடேறுகிறது. இப்போது என்ன செய்வது, ஐயா?

பதில்: அவர் சத்தத்தை நிறுத்தினார், காரணத்தைத் தேடவில்லை. டைமிங் என்பது பிளக்கில் பொறி விழும் நேரம்; குறைப்பது என்றால் அதைத் தாமதப்படுத்துவது. பெட்ரோல்-காற்றுக் கலவை எரிந்து முடிய நேரம் பிடிக்கும். நிமிடத்துக்கு 900 சுற்றில் ஓடும்போது ஒரு மில்லி விநாடியில் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) 5 டிகிரிக்குச் சற்றே மேல் திரும்புகிறது. 3,000 சுற்றில் அதே நேரத்தில் 18 டிகிரி திரும்பிவிடும். எனவே வேகம் கூடக் கூடப் பொறியும் முன்கூட்டியே விழ வேண்டும். அதற்காகத்தான் டெல்கோவின் (டிஸ்ட்ரிபியூட்டர், பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்து அனுப்பும் கருவி) தட்டுக்கு அடியில் இரண்டு எடைகளும் இரண்டு சின்ன ஸ்பிரிங்குகளும் வைத்திருக்கிறார்கள். எடைகள் விரிய விரியப் பொறி முந்தும். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால், வேகம் ஏறுவதற்குள்ளாகவே எடைகள் முழுக்க விரிந்துவிடும். மேட்டில், டாப் கியரில், குறைந்த வேகத்தில் கேட்கும் நாக்கிங் (நீங்கள் சொன்ன சில்லறைச் சத்தம்) பெரும்பாலும் இந்த வகைதான். ஐடிலிங்கில் அளந்து பார்த்தால் டைமிங் சரியாகவே காட்டும். அதனால்தான் பழி பெட்ரோல் மீது போகிறது.

டைமிங் லைட்டை (பொறி விழும் கணத்தில் மின்னி, கிராங்கோடு சுற்றும் குறியைக் காட்டும் விளக்கு) பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மெல்ல மெல்ல உயர்த்துங்கள். குறி சீராக நகர வேண்டும். ஐடிலிங்கைத் தாண்டியதும் ஒரே தாவலாகத் தாவினால் ஸ்பிரிங் கோளாறு. நகரவே இல்லை என்றால் எடைகள் துருவேறி இறுகிவிட்டன. ஒரு எச்சரிக்கை: லூகாஸ் நிறுவனத்தின் பல டெல்கோக்களில் ஒரு ஸ்பிரிங் மெல்லியது, மற்றொன்று தடித்தது. தடித்ததன் வளையம் சற்றுத் தளர்வாக நிற்பது குறையல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அதை தளர்ந்துபோன ஸ்பிரிங் என்று நினைத்து வளைத்து இறுக்கிவிடாதீர்கள்.

வேக்குவம் டப்பாவை (என்ஜினின் உறிஞ்சலால் பொறியை முந்தச் செய்யும் சின்ன டப்பா) சந்தேகிக்க வேண்டாம். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து மேடேறும்போது அதற்கு உறிஞ்சல் கிடைப்பதே இல்லை. சூடேறுவதற்குக் காரணம் குறைத்து வைத்த டைமிங்தான். பொறி தாமதமாக விழுந்தால், எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் தீ எரிந்துகொண்டிருக்கும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பம் ஹெட்டுக்கும் தண்ணீருக்கும் போய்விடும்.

கேள்வி: எங்கள் ஊரில் டைமிங் லைட் யாரிடமும் இல்லை. காதால் கேட்டு வைத்தால் போதாதா?

பதில்: நல்ல காதுள்ள மெக்கானிக்குகள் உண்டு. ஆனால் அந்தக் காது கேட்பது ஐடிலிங்கை மட்டும்தான். ஒரு 12 வோல்ட் பல்பும் இரண்டு துண்டு ஒயரும் அதைவிட நம்பகமானவை.

முதலில் பாயிண்ட் (டெல்கோவுக்குள் திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் தொடர்பு முனைகள்) இடைவெளி. லூகாஸ் டெல்கோவுக்கு 0.36 முதல் 0.40 மில்லிமீட்டர். இதைச் சரிசெய்யாமல் டைமிங்கைத் தொடக்கூடாது, ஏனென்றால் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். கூடினால் பொறி முந்தும், குறைந்தால் பிந்தும்.

பிறகு முதல் பிளக்கைக் கழற்றி, துளையில் கட்டை விரலை வையுங்கள். வேறொருவர் வண்டியை டாப் கியரில் போட்டு முன்னோக்கி மெல்லத் தள்ளட்டும். விரலைக் காற்று தள்ளும்போது கம்ப்ரஷன் வருகிறது என்று பொருள். கையேடு சொல்லும் டிகிரியில் குறியை நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் தள்ளி நிறுத்தாதீர்கள். என்ஜினுக்குள் இருக்கும் செயினின் தளர்வு உங்களை ஏமாற்றும். நன்றாகப் பின்னால் போய், மறுபடி முன்னோக்கி வாருங்கள். பழைய 1489 சிசி என்ஜினில் குறிமுள்கள் செயின் மூடியின் அடிப்பக்கம் இருப்பதால் தரையில் படுத்துத்தான் பார்க்க வேண்டும்.

பல்பின் ஒரு முனையைக் காயிலிலிருந்து (பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) மெல்லிய ஒயர் வந்து சேரும் டெல்கோ முனையிலும், மறுமுனையை என்ஜின் உடம்பிலும் தொடுங்கள். சாவியைப் போடுங்கள். கிளாம்ப்பைத் தளர்த்தி, பல்பு அணையும் இடத்திற்கு டெல்கோவைக் கொண்டுபோங்கள். இந்த என்ஜினில் ரோட்டர் (டெல்கோவுக்குள் சுழலும் கை) இடப்பக்கமாகச் சுற்றுகிறது. எனவே டெல்கோவை வலப்பக்கமாக, மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். பல்பு எரியும் கணம்தான் பாயிண்ட் பிரியும் கணம். அங்கே இறுக்குங்கள். மிச்சத் திருத்தத்துக்கு வேக்குவம் டப்பா பக்கத்தில் கையால் திருகும் நட்டு இருந்தால் அதுவே போதும். ஏறத்தாழ 11 ‘க்ளிக்’குக்கு ஒரு டிகிரி.

கேள்வி: ஐடிலிங் அருமை. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பிரீமியர் பத்மினி திணறி, விட்டு விட்டு ஓடுகிறது. கார்புரேட்டரை இரண்டு முறை பிரித்தாகிவிட்டது.

பதில்: மூன்றாவது முறை பிரிக்க வேண்டாம். உங்கள் டெல்கோவில் வேக்குவம் டப்பா இருந்தால் மூடியைத் திறந்து, தட்டை உடம்போடு இணைக்கும் சின்ன எர்த் ஒயரைப் பாருங்கள். மேலுறை நன்றாகவே இருக்கும், உள்ளே இழைகள் அறுந்திருக்கும். வேக்குவம் தட்டை இழுக்கும்போது மட்டும் தொடர்பு விட்டுப்போகும். வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்தும் பாருங்கள். தட்டு நகர்ந்து, அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் டப்பாவின் ரப்பர் கிழிந்திருக்கிறது.

கேள்வி: டைமிங் வைத்துச் சில நூறு கிலோமீட்டரில் தானாகக் குறைந்துவிடுகிறது. ஏன்?

பதில்: டெல்கோ தண்டில் பாயிண்டைத் திறக்கும் மேடான கேமில் உரசும் பாயிண்டின் குதிகால் தேய்கிறது, இடைவெளி குறைகிறது. கேமில் கிரீஸ் காய்ந்திருக்கும். துளியளவு தடவுங்கள், அதிகம் வைத்தால் பாயிண்டில் தெறிக்கும். புதுப் பாயிண்ட் மாட்டியும் தீரவில்லை என்றால் டெல்கோ தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் தண்டைத் தாங்கும் புஷ் போய்விட்டது. டைமிங் லைட்டில் குறி இரண்டு மூன்றாகத் தெரிவதும் இதன் அடையாளம். லேத் வேலைதான் வழி.

கேள்வி: சூடான என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது திருப்பி உதைக்கிறது.

பதில்: டைமிங் முந்தியிருக்கிறது. ஹேண்டில் போடுகிறவராக இருந்தால், கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். சுற்றிப் பிடித்தால் எலும்பு முறியும்.

கேள்வி: டீசல் அம்பாசடருக்கு டெல்கோ எங்கே இருக்கிறது?

பதில்: இல்லை. அங்கே பொறியே கிடையாது. பார்க்க வேண்டியது டீசலைப் பீச்சும் பம்பின் டைமிங்.

கேள்வி: பாயிண்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் எல்லாம் தீருமா?

பதில்: பாயிண்ட் தேய்மானம் தீரும். தளர்ந்த ஸ்பிரிங்கும் கிழிந்த ரப்பரும் அப்படியே இருக்கும். டெல்கோவை முதலில் சீராக்கிவிட்டுப் போடுங்கள். கழற்றிய பாயிண்டும் கண்டன்சரும் டிக்கியில் இருக்கட்டும். நடுவழியில் அந்த எலெக்ட்ரானிக் பெட்டி செத்தால் அதைப் பிரித்துச் சரிசெய்ய முடியாது.

கேள்வி: 1960களின் செவர்லே இம்பாலா, வி8 என்ஜின். குறியில் வைத்தால் ஓடவே மறுக்கிறது, குறியை விட்டு வெகுதூரம் தள்ளி வைத்தால் நன்றாக ஓடுகிறது.

பதில்: குறியை நம்பாதீர்கள். கிராங்கின் முன்னால் உள்ள பேலன்சர், இரண்டு இரும்பு வளையங்களுக்கு நடுவே ரப்பர் வைத்தது. ரப்பர் காய்ந்தால் குறியுள்ள வெளிவளையம் நழுவிவிடும். பேட்டரியைக் கழற்றுங்கள். முதல் பிளக் துளையில் பிஸ்டனைத் தடுக்கும் போல்ட்டை மாட்டி, கையால் ஒரு பக்கம் முட்டும் வரை சுற்றி, அசையாத முள்ளுக்கு நேரே வளையத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். எதிர்ப்பக்கமும் அப்படியே. இரண்டு கோடுகளுக்கும் நட்டநடுவே இருப்பதுதான் உண்மையான டாப் சென்டர் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்). வளையத்தின் பழைய குறி அங்கே இல்லை என்றால், புதுப் பேலன்சர் போடும்வரை அந்தக் காரை வேகமாக ஓட்டாதீர்கள்.